இருபத்தெட்டுக்கும் முப்பத்துநாலுக்கும் நடுவே

நியூ பிரைட்டன், போர்ட் எலிசபெத்
14 அக்டோபர் 2007

அன்புள்ள நொலித்தா அக்காவுக்கு,

தம்பி லுங்கிசா எழுதுவது. இங்கே அம்மா, நான், உன் வீட்டுக்காரர் மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. லீட்ஸில் குளிர் ஆரம்பித்திருக்குமே, கம்பளி உடுப்பெல்லாம் எடுத்துவிட்டாயா? உன் வார்டுக் கிழவர்கள் சௌக்கியமா? போன் கார்டு மொத்தத்தையும் வூயானி மச்சானே பேசித் தீர்த்துவிடுகிறார். நம் இருவருக்கும் காகிதம்தான் என்று ஆகிவிட்டது.

இனி செய்தி. தலையில் அடித்துக்கொள்ளாமல் படி. வரும் ஏப்ரலில் இங்கே நடக்கிற பெரிய போட்டிக்கு நானும் மச்சானும் பெயர் கொடுத்துவிட்டோம். காலை ஏழு மணிக்குக் கடலில் மூன்றே முக்கால் கிலோமீட்டர் நீச்சல். கரையேறிய கையோடு நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள். இறங்கியதும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். நள்ளிரவு பன்னிரண்டுக்குள் முடித்தால் பதக்கம், தாண்டினால் ஒன்றும் இல்லை.

யோசனை என்னுடையது இல்லை, சத்தியமாக. போன ஏப்ரலில் கடற்கரைச் சாலையில் நின்று வேடிக்கை பார்த்தோம். மச்சான் கையில் எண்ணெய் ரொட்டி, வாயிலும் எண்ணெய் ரொட்டி. அப்படியே சொன்னார்: “சின்ன வயசுல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு வெச்சிருந்த இந்தக் கரையில நாம கால் வெச்சா போலீஸ் விரட்டுவான். இப்ப அதே போலீஸ் ரோட்டை மறிச்சு இவங்களுக்கு வழி விடறான் பாரு. நமக்கும் ஒரு நாள் வழி விடட்டுமே மச்சான்.” நானும் தலையாட்டிவிட்டேன்.

நீச்சல் தெரியாது என்பது மட்டும்தான் குறை. அதற்கு ஆறு மாதம் இருக்கிறது.

அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி,
லுங்கிசா


லீட்ஸ்
11 நவம்பர் 2007

அன்புத் தம்பி லுங்கிசாவுக்கு,

நான் சுகம். இங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். அடுப்பில் காட்டிச் சூடாக்கித் தேய்க்க வேண்டாம் என்று சொல். போன தடவை குழாய் உருகிவிட்டது.

தலையில் அடித்துக்கொண்டுதான் உன் கடிதத்தைப் படித்தேன். அவர் போனில் வாயே திறக்கவில்லை தெரியுமா? “என்ன விசேஷம்?” என்று கேட்டால், “சும்மா, நீச்சல் கத்துக்கறேன்” என்றார். முப்பத்தெட்டு வயதில் சும்மா யார் நீச்சல் கற்றுக்கொள்வார்கள்? துறைமுகத்தில் அத்தனை உயரக் கிரேனில் ஏறி உட்காருகிற மனிதனுக்குத் தரையில் இறங்கியதும் நிதானம் போய்விடுகிறது.

நீ கணக்கு வாத்தியார். எண்ணிப் பார்த்துத்தான் எதையும் செய்வாய். அவருக்கு நிறுத்தத் தெரியாது. சாப்பாடானாலும் சரி, வேலையானாலும் சரி, போதும் என்ற சொல் அவர் வாயில் வராது. அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கூடவே இரு. நீ முன்னால் போக முடிந்தாலும் போகாதே. எனக்குப் பதக்கம் வேண்டாம், லுங்கிசா. இரண்டு வருஷத்தில் நான் திரும்பி வரும்போது மனிதன் வேண்டும்.

சரி என்று எழுதி அனுப்பு. கடிதத்தில் வந்தால்தான் நம்புவேன்.

அன்புடன்,
அக்கா நொலித்தா


நியூ பிரைட்டன்
20 ஜனவரி 2008

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். பண்டிகை நன்றாகக் கழிந்தது, ஆனால் இப்போது தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகிறது. அம்மா சோளமும் பயறும் அடுப்பில் வைத்த நேரம் பார்த்துத்தான் அணைக்கிறார்கள். மின்சாரக்காரர்கள் தன் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அணைக்கிறார்கள் என்று அம்மா உறுதியாகச் சொல்கிறாள். களிம்பு வந்து சேர்ந்தது. குழாய் உருகவில்லை.

முதலில் நீ கேட்டது. சரி. கூடவே இருப்பேன். எழுதிவிட்டேன், போதுமா?

நீச்சல் வந்துவிட்டது, ஒரு மாதிரி. நகராட்சிக் குளத்தில் பக்கத்து வரிசையில் எட்டு வயசுக் குழந்தைகள் எங்களை முந்திப் போய்விட்டு, திரும்பி வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள். “அங்கிள், ஓகேவா?” மச்சான் தண்ணீரைத் துப்பிவிட்டு, “நான் மெதுவா ரசிச்சு நீந்தறேன்” என்பார்.

கடலில் நீந்த ரப்பர் உடை வேண்டும். பழையதாக இரண்டு வாங்கினோம். அதைப் போடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. பாதத்தில் கடைப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை நுழைத்தால் வழுக்கிப் போகும். மச்சானுக்கு இடுப்பு வரை வழுக்கிற்று. அதற்கு மேல் நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: “கடலுக்குப் போறதுக்கு எதுக்குடா டயரை மாட்டிக்கிறீங்க?” மச்சான் சிரிக்கப் போய், முதுகு ஜிப் மறுபடி பிரிந்தது.

பள்ளியில் செய்தி பரவிவிட்டது. எங்கள் விளையாட்டு வாத்தியார் ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் சொல்கிறார்: “பதினேழு மணி நேரம் குடுத்தா எங்க மாமனார் வீட்டு மாடுகூட நடந்தே முடிச்சிடும். பதினஞ்சுக்குள்ள வாங்க சார், அப்ப ஒத்துக்கறேன்.” மனுஷன் தினமும் இதையே சொல்கிறார். என் கணக்குப்படி பதினைந்து முடியாதது இல்லை. சைக்கிளில் இருபத்தைந்து வேகம் வைத்தால் போதும். சும்மா கணக்குத்தான் போட்டுப் பார்த்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லுங்கிசா


லீட்ஸ்
30 மார்ச் 2008

அன்புத் தம்பிக்கு,

சுகம். இந்தக் கடிதம் போட்டிக்கு முன்னால் வந்து சேர்ந்தால் அதிர்ஷ்டம். அன்றைக்கு எனக்கு டியூட்டி இருக்கிறது. இடைவெளியில் உன் நம்பரை அழைப்பேன், அம்மா எடுக்கட்டும்.

அவர் உன்னை ரொம்பப் புகழ்கிறார். “உன் தம்பி என்னை விட்டு ஓடவே மாட்டேங்கறான், கல்யாணம் ஆன மாதிரி இருக்கு” என்கிறார். கேட்டுச் சிரித்தேன், நிம்மதியாகவும் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து முடிக்கிற போட்டோவை எனக்கு அனுப்பு. வார்டில் மாட்டிவைப்பேன். கிழவர்கள் பார்க்கட்டும்.

கடவுள் துணை இருப்பார்.

அக்கா


நியூ பிரைட்டன்
18 மே 2008

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானைப் பார்க்க ஓடி வந்துவிட்டு நீ லீட்ஸ் திரும்பிப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கே மச்சான் பரவாயில்லை. நீ கிளம்பிய பிறகு வலிப்பு ஒரே ஒரு தடவை வந்தது, மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். இடது கை இன்னும் நடுங்குகிறது. கிரேனில் இனி ஏற்ற மாட்டோம் என்று துறைமுகத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்கள். கேட்டில் உட்கார்ந்து லாரி எண் குறிக்கிற வேலை தருவார்களாம். அவர் சிரித்துக்கொண்டே, “மேலேருந்து ஊரைப் பார்த்தது போதும், இனி லாரியைப் பார்க்கறேன்” என்றார். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதாள்.

விமான நிலையத்தில் நீ கேட்டாய், அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுது, போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய் என்று. எழுதுகிறேன்.

காலை ஐந்துக்குக் கடற்கரை. கையிலும் கெண்டைக்காலிலும் மையால் எண் எழுதினார்கள். எனக்கு 1182, மச்சானுக்கு 1183. கழுத்து உராயாமல் இருக்க ஒருவருக்கொருவர் வாசலின் தடவிவிட்டோம். ஏழுக்குப் பீரங்கி வெடித்தது. முதல் ஐந்நூறு மீட்டர் நீச்சல் இல்லை, அடிதடி. யாரோ என் கண்ணாடியில் உதைத்தார்கள். அதற்குப் பிறகு அலை உயரமாக இருந்தது, மச்சானின் தொப்பி தெரியவில்லை. நான் ஒரு மணி முப்பத்தெட்டில் கரையேறினேன். உடை மாற்றும் கூடாரத்தில் பத்து நிமிஷம் காத்திருந்தேன். அவர் வரவில்லை. கிளம்பிவிட்டேன்.

சைக்கிள் மூன்று வளையம், வளையத்துக்கு அறுபது. இரண்டாவது வளையத்தில் கிழக்குக் காற்று எழுந்தது, உனக்குத் தெரியாததா. எதிர்ப்பக்கம் மச்சானைப் பார்த்தேன், கையசைத்துக் கூவினார். நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் டயர் பஞ்சர், ஆறு நிமிஷம் போயிற்று. சைக்கிள் மொத்தம் ஏழு மணி இருபத்தைந்து.

ஓட்டமும் மூன்று வளையம், ஒவ்வொன்றும் பதினான்கு. வளையம் முடிக்கும்போது மணிக்கட்டில் ஒரு வண்ணப் பட்டை மாட்டுவார்கள். நம் தெருக்காரர்கள் கல்லறைத் தோட்ட முனையில் நின்று “டோலோ! டோலோ!” என்று குலப்பெயர் சொல்லிக் கத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம் சேர்த்துப் பரிசு தந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஈடாகாது. பதினோராவது கிலோமீட்டரில் உப்புப் போட்ட உருளைக்கிழங்கு சாப்பிட்டேன். பத்தொன்பதில் வாந்தி. இருபத்திரண்டில் இருட்டிவிட்டது. இருபத்தெட்டில் இரண்டாவது பட்டை, மஞ்சள் நிறம். முப்பத்துநாலில் கோலா குடித்தேன், உயிர் வந்தது. முப்பத்தெட்டில் முழங்கால் பிடித்துக்கொண்டது. முப்பத்தொன்பதில் அழுதேன், ஏன் என்று தெரியாது. பதினான்கு மணி ஐம்பத்தேழு நிமிஷம் நாற்பது வினாடி. பெயரைச் சொல்லி ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். வெள்ளித்தாள் போர்வை சுற்றினார்கள். அப்போதுதான் அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, மச்சான் வழியில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று சொன்னாள்.

சைக்கிளுக்குப் பிறகு நான் மச்சானைப் பார்க்கவில்லை. கூடவே இருப்பேன் என்று எழுதியதைக் காப்பாற்றவில்லை. 

லுங்கிசா


லீட்ஸ்
8 ஜூன் 2008

தம்பி லுங்கிசாவுக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு என் அன்பு.

உன் கடிதத்தை இருபது தடவையாவது படித்திருப்பேன். நீ நன்றாக எழுதுகிறாய், எப்போதும் அப்படித்தான். பதினொன்றில் உருளைக்கிழங்கு. பத்தொன்பதில் வாந்தி. இருபத்திரண்டு, இருபத்தெட்டு. அதன் பிறகு முப்பத்துநாலு. நடுவில் இருக்கிற ஆறு கிலோமீட்டரில் உனக்கு ஒன்றுமே நடக்கவில்லையா? வாந்தி எடுத்ததைக்கூட விடாதவன் நீ.

அவர் விழுந்து கிடந்த தண்ணீர் மேசை புதர்க்காட்டுச் சாலையில் இருந்தது. நான் அங்கே வந்திருந்தபோது ஒரு நாள் போய்ப் பார்த்தேன், உன்னிடம் சொல்லவில்லை. அந்த மேசை ஒவ்வொரு வளையத்திலும் மூன்றாவது கிலோமீட்டரில் வருகிறது. அவருக்கு அது பதினேழு, உனக்கு முப்பத்தொன்று. உன் நேரங்களை வைத்து நானும் கணக்குப் போட்டேன். எட்டு இருபது வாக்கில் நீ அதைத் தாண்டியிருக்கிறாய். அவர் எட்டு மணியிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தார். வலிப்பு வந்தது எட்டு ஐம்பதுக்கு.

அந்த மேசையைப் பார்த்துக்கொண்ட சர்ச் அம்மாவைத் தேடிப் பிடித்து நன்றி சொல்லப் போனேன். அவர் சொன்னார்: “ஓடிட்டிருந்த ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினாரும்மா. கையில ரெண்டு பட்டை இருந்துச்சு. இவருக்கு ரொம்ப வேண்டியவர் மாதிரி இருந்தார்.”

நான் அங்கே இருந்த பதினெட்டு நாளும் நீ என் கண்ணைப் பார்க்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன், நினைக்க விரும்பினேன். அது யார், லுங்கிசா?

நொலித்தா


லீட்ஸ்
13 ஜூலை 2008

லுங்கிசா,

ஐந்து வாரம் ஆயிற்று. அவர் போனில் சொல்கிறார், நீ ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருகிறாயாம், அந்தப் போட்டியைக் கதை மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாராம். அவருக்குச் சைக்கிளிலிருந்து இறங்கியதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை. உன்னிடம்தான் கேட்டு நிரப்பிக்கொள்கிறார். அவரிடமும் ஆறு கிலோமீட்டரைத் தாண்டிக் குதித்துத்தான் சொல்கிறாயா?

இரத்தத்தில் உப்பு கரைந்துபோய் மூளை வீங்கியிருக்கிறது என்றார்கள் டாக்டர்கள். தண்ணீர் குறைந்து அல்ல, கூடிப்போய். அவர் எவ்வளவு குடித்தார், யார் குடிக்கச் சொன்னார்கள் என்று தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த மோதிரம் என்னிடம்தான் இருக்கிறது. விரல் அந்த அளவுக்கு வீங்க எத்தனை நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

எழுது. எதுவானாலும் எழுது.

நொலித்தா


நியூ பிரைட்டன்
17 ஆகஸ்ட் 2008

அக்கா,

எல்லோரும் சுகம். நான் மட்டும் சுகம் என்று எழுத முடியவில்லை.

நான்தான் அது.

இரண்டாவது பட்டை மாட்டிக்கொண்டு ஓடும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்து மணிக்குள் முடிக்க ஆறு நிமிஷம் கையிருப்பு இருந்தது. அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு வாத்தியாரின் முகம் வேறு கண் முன்னால் இருந்தது. இதை எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

மேசைக்கு அந்தப் பக்கம் சாலையோரக் கல்லில் மச்சான் உட்கார்ந்திருந்தார். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. “என்ன மச்சான், ரசிச்சு ஓடறீங்களா?” என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் சிரிக்கவில்லை. “தலை பிளக்குது. வயிறு உப்பிக் கெடக்கு. இந்த மோதிரத்தைக் கழட்டி விடு, கடிக்குது” என்றார். கழற்றிப் பார்த்தேன், வரவில்லை. கடற்காற்றில் விரல் விறைத்திருக்கிறது என்று நினைத்தேன். அவர் பேச்சுக் குழறிற்று. இது எத்தனாவது வளையம் என்று என்னையே கேட்டார்.

எங்களுக்கெல்லாம் ஒரு பாடம்தான் தெரியும், அக்கா. பயிற்சியில் யாருக்குத் தலை வலித்தாலும், கால் பிடித்தாலும், தண்ணீர் குடி என்போம். ஆறு மாதமாக அதைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். ஓடுகிறவனுக்கு உடம்பு வற்றுமே தவிர நிரம்பும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மேசையிலிருந்து இரண்டு கப் கொண்டுவந்தேன். முதலில் வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு குடித்தார், இரண்டையும்.

நான் எழுந்தேன். அப்போது அவர் என் கையைப் பிடித்தார். மச்சான் என்று கூப்பிடவில்லை. “டோலோ, கொஞ்சம் உட்காரு” என்றார். பதினாறு வருஷப் பழக்கத்தில் என்னைக் குலப்பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது இரண்டு தடவைதான். முதல் தடவை உன்னைப் பெண் கேட்டு வந்த நாளில். நம்மில் யாரும் அந்தப் பெயரைச் சும்மா சொல்வதில்லை. அதைச் சொல்லிக் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

கடிகாரத்தில் நாலு நிமிஷம் போயிருந்தது. “முடிச்சிட்டு வந்துடறேன் மச்சான், நீங்க மெதுவா நடங்க” என்றேன். சர்ச் அம்மாவிடம், “இவருக்குத் தண்ணி குடுத்துட்டே இருங்க” என்று சொல்லிவிட்டு ஓடினேன். வெளியாள் உதவி செய்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று ஒரு விதி இருக்கிறது. அதைத்தான் அத்தனை நாளும் எனக்கு நானே சாக்காகச் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஓடுகிறவனுக்கு ஓடுகிறவன் உதவலாம் என்றும் அதே புத்தகத்தில், அதே பக்கத்தில் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

முடிக்கும்போது இரண்டு நிமிஷம் இருபது வினாடி மிச்சம் இருந்தது. அதற்காகத்தான் அவரை அங்கே விட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறுதோறும் அவர் கேட்பார்: “சொல்லு மச்சான், நான் எங்க விழுந்தேன்? நீ என்னைப் பார்த்தியா?” பார்க்கவில்லை என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தழும்பேறிவிட்டது. என்னைத் திட்டு அக்கா. திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே.

லுங்கிசா


லீட்ஸ்
5 அக்டோபர் 2008

அன்புள்ள தம்பி லுங்கிசாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? நீ இளைத்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். நான் இருக்கிறேன்.

ஏழு வாரம் உன்னைக் காக்கவைத்துவிட்டேன். நீ கேட்டபடி திட்டித்தான் நாலு பக்கம் எழுதினேன். கையைப் பிடித்தவரை விட்டுவிட்டுப் போனாயே என்று எழுதினேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நாள் ஆகும். ஆனால் அந்த நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன். அதை உனக்கு அனுப்ப எனக்கு யோக்கியதை இல்லை.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை, நான் அவருக்குப் போன் செய்தேன். எங்கள் வார்டில் அந்த வாரம்தான் ஒரு கிழவருக்குத் தண்ணீர் வற்றிச் சிறுநீரகம் கெட்டிருந்தது. அதே நினைப்பாக இருந்தேன். “ஒவ்வொரு மேசையிலயும் ரெண்டு கப் குடிக்கணும். தாகம் இல்லேன்னாலும் குடிக்கணும். நான் நர்ஸ் சொல்றேன். வாக்குக் குடுங்க” என்றேன். கொடுத்தார். ஒரு வளையத்துக்கு எத்தனை மேசை என்று உனக்குத் தெரியும். சைக்கிளையும் சேர்த்துக் கூட்டிப் பார். நான் கூட்டிப் பார்த்தேன். ஏப்ரல் மாதம் விமானத்தில் உட்கார்ந்து ஊர் வந்து சேரும்வரை அதைத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் என்னிடம் கேட்டார், யாராவது நிறையக் குடிக்கச் சொன்னார்களா என்று. தெரியாது என்று சொன்னேன். பதினாலு வருஷமாக நர்ஸ் நான். நோயாளியின் வீட்டார் பொய் சொன்னால் கோபித்துக்கொள்கிறவள்.

உன்னைக் கேட்டுத் துளைத்தது ஏன் தெரியுமா? வேறு யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா என்றுதான். நீ சொன்னாய் என்று தெரிந்தபோது ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. கடவுள் அந்த ஒரு நிமிஷத்தை எனக்கு மன்னிக்க வேண்டும்.

உன் கடிதத்தை மறுபடி படித்தேன். நீ இன்னும் ஒன்றை விட்டிருக்கிறாய். வயிறு உப்பிக் கிடக்கிறவர், வேண்டாம் என்று தலையாட்டியவர், பிறகு எதற்காக இரண்டு கப்பையும் குடித்தார்? சும்மா குடித்திருக்க மாட்டார். ஏதாவது சொல்லியிருப்பார். அவர் வாய் எனக்குத் தெரியாதா? நீ அதை எழுதவில்லை. எனக்காகத்தான் எழுதாமல் விட்டாய்.

அவர் சொன்னாரா?

உன் அக்கா,
நொலித்தா


நியூ பிரைட்டன்
26 அக்டோபர் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். நானும் சாப்பிடுகிறேன். மச்சானுக்கு ஆறு வாரமாக வலிப்பு இல்லை. லாரி எண்களைத் தப்பில்லாமல் எழுதுகிறார் என்று கேட் அதிகாரி சொன்னாராம்.

இன்றைக்கு ஞாயிறு. போயிருந்தேன். வழக்கம் போலக் கேட்டார். என் பங்கைச் சொல்லிவிட்டேன், கையை உதறிவிட்டு ஓடியது உட்பட. அவர் இடது கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் கேட்டார்: “எத்தனை நிமிஷம் எங்கூட உட்கார்ந்திருந்தே?”

“நாலு.”

விரல் விட்டுக் கணக்குப் போட்டார், இப்போது அவருக்கு அதற்கு நேரமாகிறது. “இன்னும் மூணு நிமிஷம் உட்கார்ந்திருந்தா உனக்குப் பதினஞ்சு போயிருக்குமே மச்சான். நல்ல வேளை” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அக்கா. மனசாரச் சொன்னார். நான் வெளியே வந்து தெருமுனை வரை நடந்து, ஆள் இல்லாத இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

உன் பங்கை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். டிசம்பரில் நீ வரும்போது அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். நான் உன் கூட வந்து உட்காருகிறேன், எவ்வளவு நேரமானாலும்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், சொன்னார். கப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, “இதோட போதும்னு தோணுது மச்சான். ஆனா மேசைக்கு ரெண்டு கப்புன்னு உங்க அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நாளைக்குப் போன் பண்ணிக் கேப்பா. அவகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது” என்றார்.

உன் தம்பி,
லுங்கிசா